படி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது

கண்ணு,

நீ உள்ளே கூடத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாய். நான் வெளியே கடையில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நமக்கு நடுவில் ஒரு கதவும் நாலு அரிசி மூட்டையும்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுகிறவன் ஒன்று கிறுக்கனாக இருக்க வேண்டும், இல்லை தப்புச் செய்தவனாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது வகை. முதல் வகையும் நான்தானா என்பதை உன் அம்மாவிடம் கேட்டுக்கொள். யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் ரொம்ப வருஷமாகக் காத்திருக்கிறாள். இப்போது மதியம் மூன்று மணி. பனியன் கம்பெனிகளில் சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடித்துவிட்டது. டீ டைம் வரை கடைக்கு யாரும் வரமாட்டார்கள். அதற்குள் எழுதி முடித்து, நீ பார்க்காத நேரமாக உன் பைக் சாவிக்குக் கீழே வைத்துவிட வேண்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சுற்றி வளைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் தேடிய பித்தளைப் படி காணாமல் போகவில்லை. என் கட்டிலுக்கு அடியில், உன் பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கோணிப்பைக்குள் இருக்கிறது. நீங்கள் தேட எழுவதற்குள் ஒளித்து வைத்தது நான்தான். ஐம்பத்தாறு வயதில் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய் ஒரு படியை ஒளித்துவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டதால் திரும்பி வர முடியாமல் கால்மணி நேரம் அங்கேயே கிடந்தேன். உன் அம்மா குனிந்து பார்த்து, "ஏனுங்க, எலி புடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எலி நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பொங்கலூரிலிருந்து என் அக்கா, உன் அத்தை, சீர் சாமான்களைச் சரிபார்க்க வந்திருந்தாள். மாரீஸ்வரியைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்னபோது, தெற்கத்திக்காரங்க நமக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் நம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அவள். அப்புறம் அந்தப் பெண்ணை நேரில் பார்த்து, அரை மணி நேரம் பேசி, தன் முழங்கால் வலிக்கு அவள் தேய்த்துவிட்ட எண்ணெயில் மனம் மாறினாள். மாறினவள் சும்மா மாறவில்லை. "பொண்ணு உங்க இஷ்டம், சீரு என்ற இஷ்டம்" என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டுதான் மாறினாள். அந்த அதிகாரத்தில்தான் கூடத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, "நெறநாழிக்குப் படி எங்கீடா தம்பி?" என்று கேட்டாள்.

நிறைநாழி என்றால் என்னவென்று நீ உன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டதைக் கவனித்தேன். வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயிலைப் பார்த்தே நூல் எத்தனை சன்னம், என்ன கவுண்ட் என்று சொல்லிவிடுவாய், நிறைநாழி தெரியாது. தப்பில்லை. படி நிறைய நெல்லைக் கொட்டி, நடுவில் நூல் சுற்றிய ஒரு இரும்புக் கதிரைக் குத்தி மணவறையில் வைப்பது. பனியன் ஊரில் கல்யாணம் செய்கிற நமக்கு நெல்லும் நூலும் ஒரே பாத்திரத்தில் இருப்பது பொருத்தம்தான். உன் அத்தை தொடர்ந்தாள்: "கடையில புதுசா வாங்குனதெல்லாம் ஆவாது. ஊட்டுப் படியத்தான் வெக்கோணும். நெல்லப் பொண்ணோட அம்மாவே நெறைக்கட்டும். அவங்களும் நம்ம மொறையத் தெரிஞ்சுக்கோணுமல்லோ." அவள் அதைப் பெரிய மனதோடு சொன்னாள். அந்தப் பெரிய மனதுதான் என்னைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பியது.

"அந்தப் படி காணோமுங்க்கா" என்றேன். நான் பொய் சொன்னால் என் காது சிவக்கும் என்று உன் அம்மா கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். அவள் என் காதைப் பார்த்துக்கொண்டே, "நேத்துத்தானுங்க பரண்ல இருந்து எடுத்துக் கீழ வெச்சேன், புளி போட்டு வெளக்கோணும்னு" என்றாள். யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்றேன். "ஏண்டா, ஊட்டுல டிவி இருக்குது, வண்டி இருக்குது, அதையெல்லாம் உட்டுப்போட்டு பழைய படியத் தூக்கிட்டுப் போற அந்தத் திருடன் யாருடா?" என்று உன் அத்தை கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நீ என்னை நேராகப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லீன்னா நேராச் சொல்லிருங்க. படி மேல போடாதீங்க" என்றாய். அதோடு எழுந்து போய்விட்டாய். இன்றைக்கு நாலாவது நாள். நாலு நாளாக நீ என்னோடு "ம்" என்ற ஒற்றை எழுத்தில் குடும்பம் நடத்துகிறாய். உன்னைப் பெற்றவள்கூட என்னிடம் அவ்வளவு சிக்கனமாகப் பேசியதில்லை.

கண்ணு, எனக்கு இஷ்டமில்லை என்று நீ நினைத்துக்கொண்டு மணவறையில் உட்காரக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்கு இருந்தது பயம். அதற்குக் காரணம் மாரீஸ்வரியும் இல்லை, அவர்களுடைய ஊரும் இல்லை. மாரீஸ்வரியின் அம்மா இசக்கியம்மாள், எல்லோர் முன்னாலும், மேளச் சத்தத்தின் நடுவில், அந்தப் படிக்குள் கையை விடப்போகிறார்கள் என்பதுதான் பயம்.

ஏன் என்று சொல்ல, நம் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ எட்டாவது படிக்கும்போதுதான் சிவப்பு எண் ஓடுகிற இந்தத் தராசு வந்தது. அதற்கு முன்னால் மேஜைத் தராசும் எடைக்கற்களும் இருந்தன. ஆனால் நம் சந்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்த பெண்களுக்குத் தராசின் மேல் நம்பிக்கை கிடையாது. தராசுத் தட்டைக் கடைக்காரன் சுண்டுவிரலால் அமுக்கிவிடுவான், படியில் என்ன பித்தலாட்டம் பண்ண முடியும், கண்ணுக்கு நேராக நிறைகிறது, கண்ணுக்கு நேராகத் தலை தட்டுகிறான் என்பார்கள். சோறு பொங்குவதும் அவர்களுக்கு உழக்குக் கணக்குதான். ஆளுக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி, நாலு படி ஒரு வள்ளம் என்று எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் எல்லோருக்கும் தெரியும். அதனால் அரிசி, கம்பு, கொள்ளு, பொரி எல்லாம் படியில்தான் போகும். ஆடியில் நாவல்பழமும் தையில் இலந்தைப்பழமும்கூட அதே படியில்தான். தானியத்தை மூங்கில் பட்டையால் வழித்துத் தலை தட்டுவேன். பழத்தைத் தட்டினால் நசுங்கும், அதனால் கோபுரமாகக் குவித்துக் கொடுப்பேன். முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று பாட்டுப் போல இழுத்துச் சொல்லிக் கொட்டி, அடுத்ததிலிருந்துதான் ரெண்டு, மூணு என்று போவேன். யார் வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறது, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்பதெல்லாம் எனக்கு வாங்குகிற அளவிலேயே தெரிந்துவிடும். ரெண்டு படி வாங்குகிறவள் திடீரென்று அரைப்படி கேட்டால் மாமியார் ஊருக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களைத் தவிர.

அந்தப் படி உன் அப்புச்சி, உன் அம்மாவைப் பெற்றவர், எங்களுக்குச் சீராகக் கொடுத்தது. உனக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு நாள், உன் அம்மா துணி துவைக்கிறாள் என்று உன்னைக் கடையில் என் காலடியில் உட்கார வைத்திருந்தேன். நான் வாசலில் நின்று, ஓடிப்போன ஒரு செக்கிங் மாஸ்டரைப் பற்றிய சேதியை, யாரோடு ஓடினார் என்பது உட்பட, முழுசாகக் கேட்டுவிட்டு வருவதற்குள் நீ படியைக் கவிழ்த்து வைத்து, ஒரு கிலோ எடைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் போட்டுத் தவில் வாசித்துக்கொண்டிருந்தாய். தாளம் பிசகவில்லை. ஆனால் படியின் அடிப்பாகம் உள்பக்கமாகப் பிதுங்கி, சின்ன இட்லி ஒன்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. நான் சிரித்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, பையன் தவில்காரனாக வருவான் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் சந்தேகம் வந்து, உழக்கில் தண்ணீர் மொண்டு அந்தப் படிக்குள் ஊற்றிப் பார்த்தேன். மூன்று உழக்கு சரியாகப் போனது. நாலாவது உழக்கில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. அரிசியில் சொன்னால் ஒரு கைப்பிடி.

பல்லடம் ரோட்டில் பாத்திரக்காரர் ஒருவர் இருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தால் மரச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி அஞ்சு நிமிஷத்தில் நிமிர்த்திக் கொடுத்திருப்பார். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். நாளைக்கு மழை வந்தது. அடுத்த நாள் பாத்திரக்காரரின் மச்சான் செத்துப்போனார். அப்புறம் தீபாவளி போனஸ் நேரம், கடையில் கூட்டம். அப்புறம் கூட்டம் இல்லை, ஆனால் எனக்கு மனசும் இல்லை. முதல் நாள் வந்த குறைச்சலை உன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு நடந்தது முழுக்க என் கணக்கு. அப்படி எத்தனை நாள் என்று கேட்காதே, சொல்லிவிடுகிறேன்: பதினோரு வருஷம். ஒரு படிக்கு ஒரு கைப்பிடி. கொடுமை என்னவென்றால், எனக்கு ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. நிமிர்த்தாமல் விட்டேன், அவ்வளவுதான். இப்படிப்பட்டவனிடம் நீ எதையாவது கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இதைக் கற்றுக்கொள்: உன் குடும்பத்தில் அஞ்சு நிமிஷத்தில் சரியாகிற கோணல் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே எழுந்து போய்ச் சரிபண்ணிவிடு. உட்கார்ந்து யோசித்தால் உனக்கும் மச்சான் யாராவது சாவான்.

உனக்கு அஞ்சு வயதாகும்போது கடைசி லைன் வீட்டுக்கு இசக்கியம்மாள் குடிவந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்பெனியில் வேலை, இவர்கள் ஓவர்லாக் டெய்லர், இடுப்பில் கைக்குழந்தையாக மாரீஸ்வரி. முதல் நாள் ரெண்டு படி அரிசி வாங்கினார்கள். நான் பாட்டோடு "லாபம்" என்றேன். அடுத்த வாரம் வந்தார்கள், மறுபடி ரெண்டு படி. பையில் கொட்டியதும் போகாமல் நின்று, "அண்ணாச்சி, கொசுறு?" என்றார்கள். அரிசிக்கு யாரும் கொசுறு கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கறிவேப்பிலைக்குக் கேட்பார்கள், பொரிக்குக் கேட்பார்கள். "அரிசிக்கு ஏதுங்க கொசுறு?" என்றேன். அவர்கள் என்னைப் பார்க்காமல் படியைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே, "குடுத்துப் பாருங்க, நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, தானே மூட்டைக்குள் கையை விட்டு ரெண்டு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். என் காது சிவந்திருக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் சந்து முழுக்க இது தொற்றிக்கொண்டது. கம்பு வாங்கினால் கொசுறு, கொள்ளு வாங்கினால் கொசுறு. பேச்சே வராத ஊமைப் பொண்ணு ஒருத்தி இருந்தாள், அவள்கூடக் கையைக் குவித்துக் காட்டுவாள். பின்னால் வடக்கிலிருந்து பையன்கள் வந்து தங்க ஆரம்பித்தபோது, அவர்கள் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை வணக்கம் இல்லை, கொசுறு. "பையா, கொஸ்ரு" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். இந்தத் தெற்கத்திக்காரி வந்து என் சந்தையே கெடுத்துவிட்டாள் என்று உன் அம்மாவிடம் புலம்புவேன். "அப்ப குடுக்காதீங்க" என்பாள் அவள். எப்படிக் கொடுக்காமல் இருப்பது? ஒவ்வொரு கை நீளும்போதும் படிக்குள் இருக்கும் அந்த இட்லி என் கண்ணில் தெரியும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போடுவேன். ஆனால் போட்டுவிடுவேன்.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு ஆடி மாதம், எடை அளவு பார்க்கிற அலுவலர் ஒருவர் திடீரென்று கடைக்குள் வந்து நின்றார். எடைக்கற்களை எடுத்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம், "படி வெச்சு அளக்கிறீங்களாமே, அது எங்கே?" என்றார். படி அப்போது கல்லா மேல், இசக்கியம்மாளுக்கு அளந்த நாவல்பழத்தோடு இருந்தது. அவர்கள் நிதானமாகப் படியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது எங்க வீட்டுப் படிலா சார், பழம் வாங்கக் கொண்டாந்தேன். ரெண்டு தின்னு பாருங்க, நாக்கு ஊதாவாயிரும்" என்றார்கள். அவர் நாலு பழம் தின்றுவிட்டு, நாக்கைக் காட்டாமல் போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் படி திரும்பி வந்தது. கொண்டுவந்தது மாரீஸ்வரி. நாலு வயசுக் குழந்தை, படியைத் தலைமேல் கவிழ்த்து வைத்து, கழுத்தை ஆட்டாமல், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மேலே உருட்டியபடி சந்து முழுக்க நடந்து வந்தாள். நீ கடைவாசலில் நின்று, "விழப்போகுது, விழப்போகுது" என்று கத்தினாய். விழவில்லை. உன் பெண்டாட்டியாகப் போகிறவள் நம் வீட்டுப் படியைத் தலையில் சுமந்துகொண்டு வந்த நாள் அது. அவளுக்கும் நினைவிருக்காது, உனக்கும் நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

ஆகையால், மாரீஸ்வரியைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு நான் எழுந்து வெளியே போனது கோபத்தில் இல்லை. நம் கடைக்குப் பின்னால் நின்று நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஊரே இருக்கும்போது என் மகன் அந்த வீட்டில் போய் விழுந்திருக்கிறானே என்று. சந்தோஷம் ஒரு படி, பயம் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி ஞாயிற்றுக்கிழமை வரை அடங்கித்தான் இருந்தது.

இன்று காலை கடையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு, மொட்டைத் தலையில் வெயில் ஏற ஏற, நடந்தே இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியுமே, முன்னறையில் அஞ்சு மெஷின் போட்டு இப்போது சொந்தமாக ஜாப் ஒர்க் எடுக்கிறார்கள். காலர் மலை ஒன்றுக்குப் பின்னால் இருந்து தலை மட்டும் தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி. ஒக்காருங்க. அங்க வேண்டாம், அதுல பின்னு கெடக்கு."

பின்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் ஊத்துக்குளி வெண்ணெய் கொஞ்சம் வாங்கியிருந்தேன். அது மடியில் உருகிக்கொண்டிருந்தது. நானும்தான்.

"ஒரு விசயம் சொல்லோணுமுங்க. நம்ம கடையில ஒரு பித்தளப் படி இருந்துச்சு பாருங்க."

"அடியில பிதுங்குனதா?"

நான் நாலு நாளாகத் தயார் செய்திருந்த பேச்சு முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது. மெஷின் ஓட்டுவதை அவர்கள் நிறுத்தவேயில்லை.

"தெரியுமுங்களா?"

"வந்த மொத வாரமே தெரியும். ஊருல ஒரு படி வாங்கினா எங்க வீட்டு டம்ளருக்கு எட்டு. இங்க ஏழரைக்கு மேல ஏறவே மாட்டேங்கு. மறுவாரம் நீங்க அந்தப் பக்கம் திரும்புன நேரத்துல கைய உள்ள விட்டுப் பாத்தேன். முட்டு தட்டுச்சு."

"கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டு? சண்டை போட்டா நீங்க கடையச் சாத்திட்டுப் போயிருவிய. அடுத்த கடை மெயின் ரோட்டுல. ஷிப்ட் முடிச்சு வந்து, பச்சப்புள்ளையையும் தூக்கிட்டு அவ்வளவு தூரம் யாரு நடக்கது? அதுக்குத்தான் லைன்ல உள்ள பொம்பளையள்ட்ட எல்லாம் சொன்னேன். அண்ணாச்சிட்ட வாயக் குடுக்காதிய, கைய மட்டும் நீட்டுங்கன்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருஷம் ஒரு சந்து முழுக்க, ஊமைப் பொண்ணு முதல் வடக்கத்திப் பையன் வரை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியும் என்பது தெரியாத ஒரே ஆள் நான். நான் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறேன், அவர்கள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நெம்பக் கொறச்சுட்டனுங்க" என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

இசக்கியம்மாள் மெஷினை நிறுத்தினார்கள். கையை எனக்கு நேராக விரித்துக் காட்டினார்கள். நல்ல அகலமான கை, கண்ணு. ஊசி ஏறின தழும்பு இரண்டு. "இந்தக் கையப் பாருங்க. இதால ரெண்டு கை அள்ளுனா, உங்க முட்டுக்குப் போக அரைக்கை மிச்சம். ஒம்பது வருஷத்துக்கும் யோசிச்சுப் பாத்தா நட்டம் உங்களுக்குத்தான். 'லாபம்'னு பாட்டா இழுப்பிய. யாருக்குன்னு மட்டும் சொல்லமாட்டிய."

சொல்லிவிட்டு, காலர்களெல்லாம் சரிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசு, பஞ்சுத் தூசு. அப்புறம் நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். இவ்வளவும் தெரிந்து, இந்த வீட்டுக்கு மகளைக் கொடுக்க எப்படி மனசு வந்தது என்று.

"யோசிக்காம இருப்பேனா? யோசிச்சேன். படி கொறைதான். ஆனா கொசுறு கேட்டு ஒருநாளும் நீங்க இல்லன்னு சொல்லல. மூஞ்சிய மட்டும் உர்ருன்னு வச்சுக்கிடுவிய. மூஞ்சிதான? அத என் மக பாத்துக்கிடுவா."

புதுப்படி ஒன்று வாங்கிவிடுகிறேன், அல்லது இன்றைக்கே இதைக் கொண்டுபோய் நிமிர்த்திவிடுகிறேன், அக்காவிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவர்கள் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்திருந்தார்கள். "அதத் தொடாதிய. அப்படியே கொண்டாங்க. நெறைக்கது நான்தான? எனக்குத் தெரியாத படியா?" என்றார்கள். வெண்ணெயை வாங்கி உள்ளே கொடுத்தார்கள். பொட்டலம் சப்பையாக இருந்தது. "இதுலயும் கொறஞ்சிட்டுபோல" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் புளி கரைப்பதை நிறுத்தாமல், "எனக்குத் தெரியாதாக்கு? அதனாலதான் நம்ம ஊட்டுக்கு நான் என்னைக்கும் அந்தப் படியில அளக்கறதில்லீங்க, முறத்துலயே அள்ளிக்குவேன்" என்றாள். ஆக, என் வீட்டுச் சோற்றில்கூட நான் யாரையும் ஏமாற்றவில்லை. இப்படி ஒரு தோற்றுப்போன அயோக்கியனை நீ அப்பாவாகப் பெற்றிருக்கிறாய். உன் அம்மாவுக்கு, உன் மாமியாருக்கு, பெயர்கூடத் தெரியாத எத்தனையோ பெண்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் இந்தக் கடை இல்லை. உன் காலேஜ் இல்லை. சந்தில் தலை நிமிர்ந்து நடக்கிற நானும் இல்லை. பாதிப் பேர் இப்போது வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பத்திரிகை உறையில் எழுத எனக்கு அவர்களுடைய முகவரி தெரியாது. அவர்கள் வாங்குகிற அளவு மட்டும் நினைவிருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாரீஸ்வரியிடம் ஏதாவது மறைக்க வேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால், அவளுக்கு அது முதல் வாரமே தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள். உனக்கு முதுகுவலி மிச்சம். அவள் தெரிந்தும் கேட்காமல் இருந்தால், நீ கெட்டிக்காரன் என்று நினைத்துவிடாதே. அவள் அம்மாவின் கையை நினைத்துக்கொள்.

டீ டைம் ஆகிவிட்டது, ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இதைப் படித்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படியை எடு. உனக்கு முதுகு நன்றாக இருக்கிறது. எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார், அந்த முட்டு விரலில் தட்டும். நீ போட்ட தவில் அது. அப்புறம் உன் அம்மாவிடம் கொடு, புளி கரைத்துத் தயாராக வைத்திருக்கிறாள். மணவறையில் இசக்கியம்மாள் அதில் நெல்லை நிறைப்பார்கள். விளிம்பு வரை வந்ததும் உன் அத்தை போதும் என்பாள். அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அந்த அகலமான கையால் மேலும் ஒரு கை அள்ளிக் குவிப்பார்கள். அப்போது நீ என்னைத் திரும்பிப் பார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன். தலை தட்டும் மூங்கில் பட்டையைக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் வருவேன்.

உன் அப்பா